கடைக்குப் பின்னால் ஒரு காக்பிட்

"கதவத் தொற! மொதல்ல அந்தக் கதவத் தொறடி!"

என் வீட்டுக்காரர் ஏழுமலை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னை 'டி' போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

விமானம் ஓடுபாதையில் பாதி தூரம்கூட ஓடவில்லை. ஓடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அது நின்றுகொண்டிருந்தது மரக்காணத்தில், நான் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பின்னால், பழைய உப்பு மூட்டைக் கிடங்குக்குள். ஆங்கிள் இரும்பு, ப்ளைவுட், மூன்று பழைய டிவி, ஒரு கம்ப்யூட்டர், எண்ணி முடியாத ஸ்விட்ச். இதுதான் என் விமானம். ஓர் அங்குலம்கூட நகராது.

அன்று மதியம் எனக்கு டீ கொண்டுவந்தவரை நான்தான், "சும்மா ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க" என்று இழுத்து உட்கார வைத்தேன். அதுவரை அதற்குள் காலே வைக்காத மனிதர். வெளிச்சம் விழுந்தால் டிவி சரியாகத் தெரியாது என்பதால் தகரக் கதவைச் சாத்தினேன். சீட்டுக்கு அடியில் நான் பொருத்தியிருந்த மோட்டார் உறுமத் தொடங்கியது. எதிரே டிவியில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை. லிவரை முன்னால் தள்ளினேன்.

அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரமாக, சில்லென்று இருந்தது. சித்திரை மாத மதியத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு மனிதரின் கை சில்லென்று இருந்தால் என்ன அர்த்தம்?

கதவைத் திறந்ததும் வெளியே ஓடி, எரிந்துபோன மோட்டார்களை நான் அடுக்கி வைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டீ டம்ளர் உள்ளேயே இருந்தது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அப்போ அன்னிக்கும் இதானா? கோவம் இல்லையா?" என்றேன்.

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்பதைச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது.

மனசு ஒப்பல

எங்களுக்கு ஒரே பெண், சங்கீதா. மஸ்கட்டில் வேலை. மாப்பிள்ளை அவளே பார்த்துக்கொண்டவர். என் வீட்டுக்காரர் முதலில் முறைத்தார், பிறகு இறங்கி வந்தார், பாண்டிச்சேரியில் கல்யாணத்தை முன்னே நின்று நடத்தினார். ஆனால் பெண் பிள்ளைகளுக்கு அப்பா முறைத்த நாள்கள்தான் ஞாபகம் இருக்கும், இறங்கி வந்த நாள்கள் இருக்காது. நானும் என் அப்பாவிடம் அப்படித்தான் இருந்தேன்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கக் கிளம்பினோம். எங்கள் இருவருக்கும் முதல் விமானப் பயணம். பெட்டியில் பிரசவ லேகியம் ஒரு டப்பா, கருவாடு ஒரு பொட்டலம். வாசனை வரக் கூடாதென்று கருவாட்டை எத்தனை கவரில் சுற்றினேன் என்று எனக்கே தெரியாது.

ஏறும்போது வாசலுக்கு இடது பக்கம் பைலட் அறை திறந்திருந்தது. தலைக்கு மேலே, எதிரே, இடுப்புக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் ஸ்விட்ச். பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு பொத்தானைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இடித்துத் தள்ளியதும்தான் நகர்ந்தேன்.

சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டோம். ஆள் எல்லாம் ஏறி முடிந்தது. கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் இவர் எழுந்து நின்றார்.

"எறங்கணும்."

"என்னங்க ஆச்சு? ஒடம்பு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. மனசு ஒப்பல."

பணிப்பெண் வந்து கேட்டாள். அவளிடமும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் இறங்கினோம். ஆள் இறங்கினால் பெட்டியும் இறங்க வேண்டுமாம். எங்கள் பெட்டியைத் தேடி எடுக்கும்வரை விமானத்தில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வெளியே நின்றிருந்த எனக்கு அந்த ஜன்னல்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் 'மனசு ஒப்பல' என்பது எங்கே வரும் தெரியுமா? பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்வார்கள்: "பொண்ணு நல்லாத்தான் இருக்குது, ஆனா மனசு ஒப்பல." சம்பந்தம் வேண்டாம் என்பதை நோகாமல் சொல்லும் வழி அது. ஆகவே ஊர் என்ன புரிந்துகொண்டது? மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்க ஏழுமலைக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. சங்கீதாவும் அதையே புரிந்துகொண்டாள். நானும்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், ஊரில் இவருக்கு மரியாதை கூடிவிட்டது. "ஏழுமலன்னா ஏழுமலதான்யா, புடிச்சா புடி" என்று டீக்கடையில் பேசினார்கள். இவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

சங்கீதா தினமும் எனக்குப் போன் செய்வாள். மணி அடித்ததுமே இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் உப்பளத்துக்கு நடந்துவிடுவார். "அப்பா கூப்புடாம நான் ஊருக்கு வரமாட்டம்மா" என்றாள் அவள். இவர் கூப்பிடவில்லை. பேத்தி குப்புறக் கவிழ்ந்தது, தவழ்ந்தது, எழுந்து நின்றது என எல்லாவற்றையும் போனில் பார்த்தது நான் ஒருத்திதான். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

வீம்புக்குக் கட்டியது

இதைப் படிக்கிறவர்கள் நான் ஏதோ ஆசையில் விமானம் கட்டியதாக நினைக்க வேண்டாம். கோபத்தில் கட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் சமையல் கெட்டுப்போகும், கைவேலை மட்டும் பிரமாதமாக வரும்.

"நீங்க ப்ளேன்ல வராட்டி போங்க. நான் ப்ளேன இங்கயே கட்டிக்கிறேன்" என்று திரும்பி வந்த வாரமே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா?

வீட்டிலேயே காக்பிட் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது வீடியோ பார்த்துத்தான் தெரிந்தது. அவர்கள் பேசுவது எனக்கு விளங்காது. ஆனால் ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்பது விளங்கும். எனக்கு அது போதும்.

சீட் இரண்டும் பாண்டிச்சேரி காயலாங்கடையில் எடுத்தவை, ஏதோ ஒரு காருடையவை. என்ஜின் வேகத்துக்கான லிவர் டிராக்டரிலிருந்து வந்தது. பைலட் பிடிக்கும் ஸ்டியரிங்குக்கு பம்ப் பேரிங்கும் மொபெட் ஸ்பிரிங்கும். தலைக்கு மேலே உள்ள பலகையில் ஸ்விட்ச்களை வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றையும் சின்ன சர்க்யூட் போர்டு வழியாகக் கம்ப்யூட்டருக்கு இழுத்தேன். நான் மேலே ஒரு ஸ்விட்ச்சைத் தட்டினால் டிவியில் இருக்கும் விமானத்தில் விளக்கு எரிய வேண்டும். முதல் விளக்கு எரிந்த அன்று கடையை மூடிவிட்டு நானே எனக்குக் கேசரி கிண்டிக்கொண்டேன்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் மோட்டார்தான் என்னைப் படுத்திவிட்டது. தொழிலில் மோட்டார் அதிர்ந்தால் ஆள் வந்து சண்டை போடுவார்கள். இங்கே அதிர வைக்க வேண்டும். சுற்றும் தண்டின் ஒரு பக்கம் மட்டும் இரும்புத் துண்டை வைத்து வெல்டு செய்தேன். நல்ல மோட்டாரை நானே கெடுப்பதற்குக் கை கூசியது.

அப்புறம் விமானம் தன்னால் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேராக விட்டால் கடல் பக்கம் போக வேண்டியது திண்டிவனம் பக்கம் போகும். கம்ப்யூட்டரில் காற்று அடிப்பதாக ஏதோ வைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் அதையே நோண்டினேன். கடைசியில் கால் மிதியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த சின்னக் கம்பிகளில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று! உப்பளத்து மோட்டாருக்கு இரண்டு கோட் வார்னிஷ் போட்டுச் சூட்டில் காய வைத்தால்தான் தாங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், என் சொந்த விமானத்துக்கு ஒரு கோட்கூடப் போடவில்லை. அப்புறம் போர்டு போர்டாகக் கழற்றி வார்னிஷ் அடித்தேன். என் காக்பிட்டுக்குள் நுழைந்தால் இன்றைக்கும் அந்த வாசனைதான் வரும்.

எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் பக்கத்து உப்பளத்துத் தணிகாசலம் உள்ளே எட்டிப் பார்த்து, "யக்கா, இதுல ஏறுனா பாண்டி போவுமா?" என்பான். "நீ ஏறுனா மெட்ராஸ் போவும், கீழ்ப்பாக்கம் வரைக்கும்" என்பேன்.

டீ ஆறிய மதியம்

அந்த மதியத்துக்குத் திரும்பி வருகிறேன். மோட்டார் குவியல் மேல் உட்கார்ந்திருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். பாதியைக் குடித்தார், பாதியை முகத்தில் அடித்துக்கொண்டார்.

"கதவு சாத்துனதும் மூச்சு முட்டுது அலமு" என்றார். அலமேலு என்கிற என் பெயரை அவர் அப்படிச் சுருக்குவது எப்போதாவதுதான். "மேல பறக்கறதுலாம் ஒண்ணும் இல்ல. கதவச் சாத்திட்டா எறங்கணும்னாலும் எறங்க முடியாதுல்ல? நம்ம அளத்துல எங்க நின்னாலும் நாலு பக்கமும் வெட்டவெளி. எனக்கு அதான் பழக்கம்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா?"

"அத்தினி ஆள வச்சி வேல வாங்குறவன், பயமா இருக்குதுன்னு எப்புடி சொல்றது? வாய்ல என்னா வந்துச்சோ அதச் சொன்னேன். கோவம்னு நீங்களேதான் சொல்லிக்கினீங்க. நான் சும்மா இருந்துட்டேன்."

எனக்கு அவரை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. இரண்டு வருஷம்! ஒரு குழந்தை பிறந்து நடக்கும்வரை! அதே சமயம் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலவும் இருந்தது. கோபக்கார மனிதரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. பயந்துபோன மனிதர் என்றால் ஏதாவது செய்து பார்க்கலாம்.

உடனே சங்கீதாவுக்குப் போன் போடப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"போன்ல சொல்லாத. சமாதானத்துக்கு ஒரு காரணம் சொல்றாருன்னு நெனச்சிக்கும். ப்ளேன்ல போய் எறங்கி, நானே அது மூஞ்சியப் பாத்து சொல்லணும்."

"ப்ளேன்ல எப்புடி போவீங்க?"

அவர் கிடங்கைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பின் சீட்டு

மறுநாளே ஆரம்பித்தோம். தகரக் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஓட்டினேன். ஒரு வாரத்தில் அந்தச் சாண் இடைவெளி விரல்கடை ஆனது. கீழே தெரியும் சாம்பல் நிறக் கட்டங்களில் தன்னுடைய பாத்தி எது என்று தேடும் அளவுக்குத் தேறிவிட்டார். "அதோ, அந்த வரப்பு நம்மளுது" என்பார். கம்ப்யூட்டர் வரைந்த வரப்பு அது. நான் மறுக்கவில்லை.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட நேரத்தில்தான் தணிகாசலம் வந்தான்.

"ஏம்க்கா, அண்ணன் தெனமும் பைலட்டு சீட்டுல உக்காந்து பழகுது. டிக்கெட்டும் பைலட்டு சீட்டுக்கா போடப் போறீங்க?"

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பயணி உட்காரும் இடத்தில் எதிரே கண்ணாடி ஏது? முன் சீட்டின் முதுகுதான் இருக்கும். பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல். ஸ்விட்ச் வரிசை மயக்கத்தில் விமானத்தின் முன்பாதியை மட்டும் கட்டிவிட்டு, ஆள் உட்காரும் பின்பாதியை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுபடியும் காயலாங்கடைக்குப் போனேன். மினிபஸ் சீட் இரண்டு வரிசை. பைலட் சீட்டுக்குப் பின்னால் ப்ளைவுட் சுவர். மூன்று டிவியில் ஒன்றைக் கழற்றிப் பின்பக்கம் ஜன்னலாகத் திருப்பி வைத்தேன். இப்போது நான் முன்னால், அவர் பின்னால்.

"நீ ஓட்டுறத நம்பி நான் பின்னாடி உக்காரணுமா?"

"நாளைக்கு மொகந்தெரியாதவன் ஓட்டுறத நம்பித்தான உக்காரப் போறீங்க? நான் உங்களுக்குச் சோறு போடுறவ."

முதல் நாள் கதவை முழுக்கச் சாத்தினேன். நூறு எண்ணுவதற்குள் சுவரைத் தட்டிவிட்டார். அதன் பிறகு நாங்கள் நேரத்தை பஸ் கணக்கில் அளந்தோம். "இன்னிக்கு திண்டிவனம் வரைக்கும்" என்பார். மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் திண்டிவனம் போகும் நேரம் தாங்கினால் அன்றைய பாடம் முடிந்தது. அப்புறம் விழுப்புரம். அப்புறம் மெட்ராஸ். நடுவில் இரண்டு நாள் மறுபடியும் வழியில் இருக்கும் ஆலங்குப்பத்தைத் தாண்டாமல் சுவரைத் தட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

மனசு விட்டுப் பேசவும் அந்த ப்ளைவுட் சுவர் உதவியது. முகம் தெரியாததால் அவர் என்னென்னவோ சொன்னார். பேத்தியின் பெயர் தனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார். என் போனை நான் குளிக்கும்போது எடுத்துக் குழந்தையின் வீடியோவைப் பார்ப்பாராம். எனக்கு முன்னாலிருந்த ஓடுபாதை கலங்கலாகத் தெரிந்தது.

டிக்கெட் போட்ட பிறகு ஒரு நாள் காலையில் முழுப் பயணத்தையும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். சென்னையிலிருந்து மஸ்கட் வரை, அத்தனை மணி நேரமும், கதவு திறக்காமல். கிளம்பினோம். கரை மறைந்தது, மறு கரை மறைந்தது, கீழே முழுக்கக் கடல். பாதிக் கடலில் கரண்ட் போய்விட்டது.

டிவி, விளக்கு, மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் அணைந்தன. கும்மிருட்டு. கதவு சாத்தியிருக்கிறது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் போச்சு, மனிதர் இனி ஜென்மத்துக்கும் ஏற மாட்டார் என்று நினைத்தேன்.

"என்னங்க! கரண்டுதாங்க! பயப்படாதீங்க, இதோ தொறக்கறேன்!"

தடவித் தடவிப் போய்க் கதவைத் திறந்து ஓடிவந்து பார்த்தால், மனிதர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை வேறு.

கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அழுதுகொண்டிருந்தேன். அவரை நான் எழுப்பவில்லை.

கதவு சாத்தியபோது

நிஜ விமானத்தில் கதவு சாத்தும் சத்தம் இவ்வளவுதானா என்று இருந்தது. என் தகரக் கதவு இதைவிட அதிகமாகக் கத்தும். அவர் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், கண்ணை மூடவில்லை. பணிப்பெண் கடந்து போனபோது எழுந்திருக்கப் போகிறாரோ என்று அவர் பெல்ட்டையே பார்த்தேன். அவர் கேட்டது தண்ணீர்தான்.

மேலே ஏறிச் சமனானதும் என் பக்கம் சாய்ந்து, "உன்னுதவிட இது ஆட்டம் கம்மி" என்றார். தொழில்காரிக்கு அது பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. விரல்களை விட்டுவிட்டார். எனக்கு ரத்தம் ஓடத் தொடங்கியது.

மஸ்கட்டில் வெளியே வந்தபோது சங்கீதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்து, "வாங்கப்பா" என்றாள். பிறந்ததிலிருந்து 'வாப்பா, போப்பா' என்று பேசிய பெண். அந்த 'ங்க' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுவார் என்று நினைத்தேன். அங்கேயே சொன்னார்.

"அன்னிக்கு நான் கோவத்துல எறங்கல பாப்பா. உன் மேலயும் இல்ல, மாப்ள மேலயும் இல்ல. கதவ சாத்துனா எனக்குப் பயம். பயந்துட்டேன். அத வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் மனசு ஒப்பலன்னு சொல்லிட்டேன்."

சங்கீதா அவரையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமாம்மா."

அவள் உதடு கோணிக்கொண்டு போனது. குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

"நானும் தெனமும் உன் நம்பர எடுத்து எடுத்து வச்சிடுவேன்ப்பா. நீ போன எடுத்துட்டு, எதுக்குப் பண்ணேன்னு கேட்டுட்டா என்னா பண்றதுன்னு பயம். கேக்கறவங்க கிட்டலாம் எனக்கு எங்கப்பா மேல கோவம்னு சொல்லினு இருந்தேன்."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் 'நீ' என்று சொன்னதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன். அப்போதுதான் எனக்குப் போன உயிர் வந்தது. பெட்டியை எடுத்து ட்ராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.